பலூச் கிளர்ச்சியின் வேர் எங்கே: 1948-லா, சுயி எரிவாயுவிலா, குவாதர் துறைமுகத்திலா?

#1 · வடக்குவாசல் · 14 மார்ச் 2025

பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத்தில் நடந்த ஜாஃபர் எக்ஸ்பிரஸ் ரயில் கடத்தல் பற்றி மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இது: சீனா குவாதருக்கு வந்த பிறகு, பங்கு கிடைக்காத சில சர்தார்கள், அதாவது குலத்தலைவர்கள், ஆள் திரட்டிச் செய்கிற வேலை. வெளிநாட்டுப் பணம் இல்லாமல் இத்தனை ஆயுதம் வராது. 2015-க்கு முன்னால் பலுசிஸ்தான் பற்றி யாராவது பேசியதுண்டா?

#2 · ஏட்டுவழி · 14 மார்ச் 2025

பேசாமல் இருந்தவர்கள் வெளியில் இருந்தவர்கள். அங்கே இது ஐந்தாவது சுற்று: 1948, 1958, 1963, 1973, பிறகு 2000-களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை. முதல் சுற்றின்போது சுயியில் எரிவாயு கண்டுபிடிக்கப்படவில்லை, குவாதர் பாகிஸ்தானிடமே இல்லை. ஓமன் சுல்தானிடமிருந்து 30 லட்சம் பவுண்டுக்கு அதை வாங்கியது 1958 செப்டம்பரில்தான்.

கலாத்திலிருந்து தொடங்குவோம். கான்கள் என்ற மன்னர்கள் ஆண்ட கலாத் அரசு 17-ஆம் நூற்றாண்டில் உருவானது. 1839-ல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தபோது கான் மெஹ்ராப் கான் சண்டையில் இறந்தார். அதற்குப் பிறகு நேரடி ஆட்சிக்குப் பதில் ஒப்பந்தங்கள், 1854-லும் 1876-லும். இரண்டாவது ஒப்பந்தத்துக்குப் பின்னால் இருந்தவர் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சாண்டிமன். கானுக்குக் கீழிருந்த சர்தார்களுக்கு நேரடியாக மானியம், கணவாயையும் சாலையையும் காக்க அவர்களுடைய ஆட்களையே லெவிஸ் படையாக வைப்பது, வழக்குகளைக் குலத்தலைவர்கள் கூடும் ஜிர்காவில் முடிப்பது, இவைதான் அவருடைய ஏற்பாடு. மலிவான ஆட்சி. ஆனால் சர்தாருக்குச் சம்பளம் கொடுப்பவர் கான் இல்லை என்று ஆனதும், கானின் அதிகாரம் உள்ளிருந்தே கரைந்தது. குலத்தலைவன் குடிகளுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத நிலைமையும் அன்றைக்கு வந்ததுதான். சர்தாரி முறையைப் பலூச் பழமை என்று திட்டுகிறவர்கள் இந்த 1876-ஐ ஒருமுறை பார்க்க வேண்டும்.

1947-ல் கான் மீர் அகமது யார் கானின் வாதம் எளிமையானது. எங்கள் ஒப்பந்தம் லண்டனோடு, டெல்லியோடு இல்லை; நாங்கள் நேபாளத்தைப் போன்றவர்கள், ஹைதராபாத்தைப் போன்றவர்கள் அல்லர். இந்த வழக்கில் கலாத்தின் சட்ட ஆலோசகராக முன்பு இருந்தவர் ஜின்னா. 1947 ஆகஸ்ட் 11 அன்று வெளியான கூட்டறிக்கையில், கலாத் மற்ற சமஸ்தானங்களிலிருந்து வேறான அந்தஸ்துள்ள சுதந்திர நாடு என்று முஸ்லிம் லீக் தரப்பும் ஒப்புக்கொண்டது. இருப்பதை இருந்தபடியே வைக்கும் உடன்பாடும் அதோடு சேர்ந்தது. ஆகஸ்ட் 15 அன்று கான் சுதந்திரத்தை அறிவித்தார். இரண்டு அவைகள் அமைந்தன. கீழவையில் 1947 டிசம்பரில் இணைப்பை எதிர்த்துப் பேசியவர் கவுஸ் பக்ஷ் பிஸென்ஜோ. அவருடைய பெயரை நினைவில் வையுங்கள், 1973-ல் மறுபடி வருவார்.

1948 மார்ச் 17 அன்று, கலாத் தன் கீழிருப்பதாகச் சொன்ன காரான், லஸ் பேலா, மக்ரான் மூன்றின் இணைப்பைப் பாகிஸ்தான் தனித்தனியாக ஏற்றது. கலாத்துக்குக் கடற்கரையே இல்லாமல் போனது. மார்ச் 27 அன்று, கான் இந்தியாவை அணுகியதாக அகில இந்திய வானொலியில் ஒரு செய்தி. நேரு அதைப் பிறகு மறுத்தார். அதே நாளில் கான் பாகிஸ்தானோடு இணையக் கையெழுத்திட்டார், இரு அவைகளும் ஒப்புதல் தராத நிலையில். கானின் தம்பி இளவரசர் அப்துல் கரீம் மே மாதம் சிறு படையோடு ஆப்கன் எல்லை தாண்டினார், ஜூலையில் திரும்பிவந்து பிடிபட்டார். பத்தாண்டுச் சிறைத்தண்டனை. முதல் சுற்று அவ்வளவுதான், ராணுவக் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்து செல்லுமா என்ற கேள்வி 77 ஆண்டுகளாக மூடவில்லை.

#3 · கரிசல்மண் · 15 மார்ச் 2025

கலாத் என்றால் பலுசிஸ்தான் முழுவதும் என்ற தொனி வருகிறது. குவெட்டா, ஜோப், லோராலாய், சிபி பகுதிகள் பிரிட்டிஷ் பலுசிஸ்தான், தலைமை ஆணையர் மாகாணம். அங்கே 1947 ஜூன் 29 அன்று ஷாஹி ஜிர்காவும் குவெட்டா நகராட்சி உறுப்பினர்களும் கூடிப் பாகிஸ்தானைத் தேர்ந்தெடுத்தார்கள். வடக்கில் பெரும்பான்மை பஷ்தூன்கள். அவர்களுக்குப் பலூச் தனிநாட்டில் அன்றும் ஆசையில்லை, இன்றும் இல்லை.

#4 · ஏட்டுவழி · 15 மார்ச் 2025

சரி, அந்த வரைபடம் இல்லாமல் இந்தக் கதை புரியாது. ஒன்று சேர்க்க வேண்டும்: மரி, புக்டி குல நிலங்களும் அந்தப் பிரிட்டிஷ் பகுதியோடு சேர்த்து நிர்வகிக்கப்பட்டவை. நுஷ்கி, நசீராபாத் போன்றவை கானிடமிருந்து குத்தகைக்கு எடுத்தவை. குத்தகை நிலம் யாருக்குச் சேரும் என்பதையும் ஆகஸ்ட் 11 அறிக்கை தீர்க்கவில்லை, சட்டக் கருத்து கேட்பதாகத் தள்ளிவைத்தது. ஷாஹி ஜிர்காவில் அமர்ந்தவர்கள் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர், ஆங்கிலேயர் நியமித்தவர்கள். ஆகவே அந்த முடிவை மக்கள் தீர்ப்பு என்று சொல்லவும் முடியாது.

ஈரான் பக்கப் பலூச் நிலம் தனிக் கதை. 1871-ல் கோல்ட்ஸ்மித் கோடு போட்டார்கள், 1928-ல் ரெசா ஷா படை கடைசி உள்ளூர் ஆட்சியாளர் தோஸ்த் முகமது கானை வீழ்த்தியது. இன்று அங்கே ஆயுதம் எடுத்திருப்பது சுன்னி மத அடையாளத்தோடு இயங்கும் ஜெய்ஷ் அல் அத்ல் போன்ற குழுக்கள். பாகிஸ்தான் பக்கம் பி.எல்.ஏ. (பலூச் விடுதலைப் படை), பி.எல்.எஃப். (பலூச் விடுதலை முன்னணி) இரண்டும் மதச்சார்பற்ற தேசியம் பேசுபவை. 2024 ஜனவரியில் ஈரானும் பாகிஸ்தானும் இரண்டு நாள் இடைவெளியில் ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று குண்டு வீசியபோது, இரண்டையும் ஒரே இயக்கமாக எழுதிய செய்திகள் நிறைய வந்தன.

#5 · பனங்காடு · 16 மார்ச் 2025

பிராகூயி திராவிட மொழி. அப்படியானால் இது ஒரு வகையில் திராவிட இனத்தின் எழுச்சி என்று சொல்லலாமா?

#6 · கரிசல்மண் · 16 மார்ச் 2025

சொல்லக் கூடாது. மொழி உறவு உண்மை, மொழியியலாளர்கள் நூறாண்டுக்கு மேலாக ஒப்புக்கொண்டது. ஆனால் பிராகூயி பேசுகிறவர்கள் தங்களைப் பலூச் என்றே கருதுகிறார்கள். கலாத் கான்களின் வம்சமே பிராகூயி. 1958-ல் மலையேறிய நவ்ரோஸ் கானின் ஜெஹ்ரி குலம், முதல்வராக இருந்த அதாவுல்லா மெங்கலின் குலம், இரண்டும் பெரும்பாலும் பிராகூயி பேசுபவை. பலூச்சி பேசும் மரிகளோடும் மக்ரானிகளோடும் ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள் இவர்கள். அங்கே மொழி அவர்களைப் பிரிக்கவில்லை. நாம் இங்கிருந்து போய்ப் பிரிக்க வேண்டாம்.

#7 · ஏட்டுவழி · 16 மார்ச் 2025

இரண்டாவது, மூன்றாவது சுற்றுகள். 1955-ல் மேற்குப் பாகிஸ்தான் முழுவதையும் ஒரே மாகாணமாக்கினார்கள், ‘ஒன் யூனிட்’. கிழக்கு வங்காளத்தின் மக்கள்தொகையைச் சமன் செய்வது நோக்கம். கலாத் என்ற பெயரே நிர்வாகத்திலிருந்து மறைந்தது. 1958 அக்டோபர் 6 அன்று கானைக் கைது செய்தார்கள்; மறுநாள் ராணுவ ஆட்சி. எண்பது வயது கடந்த நவ்ரோஸ் கான் ஜாலவான் மலைகளில் ஏறினார். குர்ஆன் மீது சத்தியம் செய்து பொதுமன்னிப்பு தருவதாகச் சொன்னதால்தான் இறங்கினார் என்பது பலூச்களின் கூற்று. ராணுவத் தரப்பு அதை ஏற்பதில்லை. இறங்கிய பிறகு நடந்ததில் மட்டும் சர்ச்சை இல்லை: அவருடைய மகன் உட்பட ஏழு பேர் 1960 ஜூலையில் ஹைதராபாத், சுக்கூர் சிறைகளில் தூக்கிலிடப்பட்டார்கள். கிழவர் சிறையிலேயே இறந்தார். (இந்த ஹைதராபாத் சிந்துவில் உள்ளது.)

1963-ல் ஷேர் முகமது மரி தலைமையில் வந்த பராரிகள் வேறு வகை. குலப் படையாக இல்லாமல், முகாம்கள் வைத்துப் பயிற்சி கொடுத்த கெரில்லா அமைப்பு. அவர் இடதுசாரி. 1970-ல் யாஹ்யா கான் ஒன் யூனிட்டைக் கலைத்து பலுசிஸ்தானை மாகாணமாக்கிய பிறகுதான் நிலைமை தணிந்தது. துப்பாக்கி சாதிக்காததை ஓர் அரசாணை சாதித்தது.

#8 · வடக்குவாசல் · 17 மார்ச் 2025

தணிந்தது என்றால் 1973-ல் ஏன் மறுபடி?

#9 · ஏட்டுவழி · 17 மார்ச் 2025

இந்த இழையில் நான் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், அது இங்கேதான் இருக்கிறது.

1970 மாகாணத் தேர்தலில் தேசிய அவாமி கட்சி வென்றது. 1972-ல் அதாவுல்லா மெங்கல் முதல்வர், பிஸென்ஜோ ஆளுநர். இணைப்பை எதிர்த்து 1947-ல் பேசிய அதே பிஸென்ஜோ, பாகிஸ்தான் அரசமைப்புக்குள் பதவியேற்று ஆட்சி நடத்த வந்துவிட்டார். ஒரு நாட்டுக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடைக்காது. ஒன்பது மாதத்தில், 1973 பிப்ரவரியில், புட்டோ அந்த அரசைக் கலைத்தார். இஸ்லாமாபாத்தில் இராக் தூதரகத்தில் ஆயுதக் குவியல் பிடிபட்டதைக் காரணமாகக் காட்டினார். தேர்தலில் வென்றவர்கள் சிறைக்குப் போனார்கள், தோற்றிருந்தால் போயிருக்க மாட்டார்கள். இளைஞர்கள் மலைக்குப் போனார்கள்.

அடுத்த நான்காண்டுப் போர்தான் 2000-க்கு முன்பு நடந்தவற்றில் மிகப் பெரியது. அரசுத் தரப்பில் 80,000 வீரர்கள் வரை இறக்கப்பட்டதாக மதிப்பீடு. தன் பலூச் பகுதிக்கும் தீ பரவும் என்று பயந்த ஈரான் ஷா ஹெலிகாப்டர்கள் அனுப்பினார். 1974 செப்டம்பரில் சமாலங் பள்ளத்தாக்கில், கோடை மேய்ச்சலுக்கு வந்திருந்த மரிக் குடும்பங்களின் கூடாரங்களைத் தாக்கினார்கள். குடும்பங்களைக் காக்க கெரில்லாக்கள் மலையிலிருந்து இறங்கி வருவார்கள் என்பது கணக்கு; வந்தார்கள், இழப்பு பெரிது. 1977-ல் புட்டோ வீழ்ந்த பிறகு ஜியா தலைவர்களை விடுவித்தார். மரிகளில் ஆயிரக்கணக்கானோர் ஆப்கானிஸ்தானில் அகதிகளாகத் தங்கி, 1990-களின் தொடக்கத்தில் திரும்பினார்கள். இன்றைய பி.எல்.ஏ.வின் முதல் வரிசை அந்த முகாம்களில் வளர்ந்த தலைமுறையோடு தொடர்புடையது.

பேச வருகிறவனை முதலில் ஒடிப்பது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இது நடந்திருக்கிறது.

#10 · கரிசல்மண் · 18 மார்ச் 2025

புக்டி குலத்தலைவர் அக்பர் புக்டியை இதில் எங்கே வைப்பீர்கள்? 1973-ல் மெங்கல் அரசைக் கவிழ்க்க புட்டோவுக்கு உதவி, அதற்குப் பரிசாக ஆளுநர் பதவி வாங்கியவர் அவர்.

#11 · ஏட்டுவழி · 18 மார்ச் 2025

அதனால்தான் அவர் முக்கியமானவர். பிரிவினைவாதியாக வாழ்க்கையைத் தொடங்கியவர் அல்லர். பேரம் பேசுகிறவர், கடுமையான குலத்தலைவர், தன் குலத்துக்குள் எதிரிகள் நிறைய. அவர் கேட்டது சுயி எரிவாயுவில் பங்கு.

அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1952-ல் கண்டுபிடிப்பு, 1955-ல் குழாய் வழி விநியோகம். மாகாணத்தின் உரிமத்தொகை கிணற்றுவாய் விலையில் 12.5 சதவீதம். பார்க்க நியாயமான விகிதம். சிக்கல் விலையில் இருக்கிறது. கிணற்றுவாய் விலையை அந்தந்த வயலின் செலவை வைத்து நிர்ணயித்தார்கள். சுயி பழைய வயல், முதலீடு முன்பே திரும்பிவிட்டது, ஆகவே விலை மிகக் குறைவு. பின்னால் திறந்த சிந்து, பஞ்சாப் வயல்களுக்கு விலை அதிகம். அதே அளவு எரிவாயு, அதே 12.5, ஆனால் பலுசிஸ்தானுக்கு வந்த தொகை சிறியது. நுகர்வோர் கொடுக்கும் விலைக்கும் கிணற்றுவாய் விலைக்கும் நடுவில் இருந்த தொகை நீண்ட காலம் மத்திய அரசுக்குப் போனது. குவெட்டாவுக்கே குழாய் வந்தது 1980-களில். சுயியைச் சுற்றிய ஊர்களில் பல வீடுகளில் அடுப்பு விறகில்தான் எரிந்தது.

2005 ஜனவரியில் சுயி ஆலை வளாகத்தில் ஒரு பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். ராணுவ அதிகாரி ஒருவர் மீது குற்றச்சாட்டு. விசாரணை முடியும் முன்பே முஷாரஃப் அவரைக் குற்றமற்றவர் என்றார். புக்டி ஆட்கள் ஆலையைத் தாக்கினார்கள். மார்ச் 17 அன்று தேரா புக்டியில் குண்டுவீச்சு. அப்போதும் ஆளுங்கட்சித் தலைவர் சவுத்ரி ஷுஜாத்தும் முஷாஹித் உசைனும் நேரில் போய் புக்டியோடு பேசினார்கள். நாடாளுமன்றக் குழு அறிக்கை தந்தது. உரிமத்தொகை, வேலைவாய்ப்பு, ராணுவ முகாம்கள் எல்லாவற்றுக்கும் அதில் பரிந்துரை இருந்தது. நடைமுறைக்கு வரவில்லை. 2006 ஆகஸ்ட் 26 அன்று கோலு மாவட்ட மலைக் குகை ஒன்றில் புக்டி இறந்தார். உயிரோடிருந்தபோது பலூச்களில் பாதிப்பேர் நம்பாத மனிதர், இறந்தபின் எல்லா வீட்டுச் சுவரிலும் படமானார்.

#12 · தண்டவாளம் · 19 மார்ச் 2025

ரயில் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. ‘இத்தனை பாதுகாப்பு இருந்தும் எப்படி’ என்று கேட்கிறார்கள். போலான் கணவாய் ரயில் பாதை 1880-களில் ரஷ்யப் படையெடுப்பு பயத்தில் போட்டது. மேல்பகுதியில் 25 அடிக்கு ஓர் அடி ஏற்றம். ஏறும் ரயிலுக்குப் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் வேண்டும், இறங்கும் ரயில் பிரேக்கை நம்பி ஊர்ந்து வர வேண்டும். வரிசையாகச் சுரங்கங்கள், பல இடங்களில் கைபேசி அலைவரிசை இல்லை. மார்ச் 11 அன்று மஷ்காஃப் அருகே நின்ற ரயிலில் 440 பேர் இருந்ததாக ராணுவம் சொல்கிறது. அங்கே சாலை வழியாகப் படை வருவது எளிதல்ல. தாக்கிய 33 பேரும் மறுநாள் கொல்லப்பட்டதாக அறிவித்தார்கள். விடுப்பில் ஊருக்குப் போன வீரர்களோடு சாதாரணப் பயணிகளும் அதில் இறந்தார்கள்.

#13 · வடக்குவாசல் · 20 மார்ச் 2025

இதெல்லாம் சரி. ஆனால் கடைசியில் மூன்று சர்தார் குடும்பங்களின் சண்டைதானே? மரி, புக்டி, மெங்கல்.

#14 · ஏட்டுவழி · 20 மார்ச் 2025

முஷாரஃப் சொன்ன அதே வாக்கியம். 2005-ல்கூட அது பாதிதான் சரி, சர்தார்களில் பெரும்பாலோர் எப்போதும் அரசோடுதான் நின்றிருக்கிறார்கள். இப்போது முற்றிலும் பொருந்தாது. போரின் மையம் மரி, புக்டி மலைகளிலிருந்து தெற்கே மக்ரானுக்கும் ஆவாரானுக்கும் நகர்ந்துவிட்டது. மக்ரானில் சர்தாரி முறை வலுவாக இருந்ததே இல்லை. மீனவர், பேரீச்சைத் தோட்டக்காரர், வளைகுடாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்புகிறவர், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பங்கள். பி.எல்.எஃப். தலைவர் அல்லா நசர் மருத்துவம் படித்தவர், மாணவர் அமைப்பிலிருந்து வந்தவர். 2017 வாக்கில் பி.எல்.ஏ. பிளந்தபோது பெரிய பகுதி லண்டனில் இருந்த ஹிர்பயார் மரியிடமிருந்து விலகி அஸ்லம் பலூச் பின்னால் போனது. அவர் 2018 டிசம்பரில் கந்தஹாரில் கொல்லப்பட்டார். பிறகு தலைமை ஏற்ற பஷீர் ஜெப் மாணவர் அமைப்பின் முன்னாள் தலைவர். 2022 ஏப்ரலில் கராச்சி பல்கலைக்கழகத்தில் மூன்று சீன ஆசிரியர்களையும் ஓட்டுநரையும் கொன்ற தற்கொலைத் தாக்குதலைச் செய்தவர் ஷாரி பலூச், முதுகலைப் பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியை, இரண்டு குழந்தைகளின் தாய். சர்தாரோடு பேரம் முடித்தால் போர் முடியும் என்ற பழைய வழி அடைபட்டதன் விளைவு இது.

#15 · கரிசல்மண் · 21 மார்ச் 2025

அடைபட்ட நாளைக்கூடச் சொல்லலாம்: 2009 ஏப்ரல். ஐ.நா. அகதிகள் அமைப்பின் அமெரிக்க அதிகாரி ஒருவர் குவெட்டாவில் கடத்தப்பட்டிருந்தார். அவரை மீட்க நடுநிலைக் குழுவில் இருந்த பலூச் தேசியத் தலைவர் குலாம் முகமது பலூச்சும் வேறு இருவரும் ஏப்ரல் 3 அன்று துர்பத்தில் வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்டார்கள். அதிகாரி மறுநாள் விடுதலையானார். இவர்கள் மூவரின் உடல்கள் சில நாளில் கிடைத்தன. அதன் பிறகு, காணாமல் ஆக்கப்படுவதும் சாலையோரத்தில் உடல் கிடப்பதும் வழக்கமாகிப் போனது.

#16 · ஏட்டுவழி · 23 மார்ச் 2025

நேற்று குவெட்டாவில் மஹ்ரங் பலூச் கைது செய்யப்பட்டிருக்கிறார். அவருடைய அப்பா 2009-ல் கொண்டுபோகப்பட்டு, 2011-ல் உடலாகக் கிடைத்தவர். இவர் மருத்துவர், துப்பாக்கி தொட்டதில்லை; 2023 டிசம்பரில் துர்பத்திலிருந்து இஸ்லாமாபாத்வரை பெண்களைத் திரட்டி நடத்திய பேரணியின் கோரிக்கை, காணாமல் போனவர்களை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள் என்பது. பாகிஸ்தான் சட்டத்தைப் பாகிஸ்தானே நடத்தட்டும் என்று கேட்கிறவர். எண் 9-ல் நான் எழுதியதை மாற்ற ஒன்றுமில்லை. மனசு கனக்கிறது.

#17 · பனங்காடு · 24 மார்ச் 2025

அதற்காகப் பேருந்திலிருந்து இறக்கி அடையாள அட்டை பார்த்துப் பஞ்சாபிகளைக் கொல்வதை நியாயப்படுத்த முடியுமா?

#18 · ஏட்டுவழி · 24 மார்ச் 2025

முடியாது. 2024 ஆகஸ்ட் 26, புக்டி நினைவு நாள், மூசாகேல் சாலையில் இறக்கிக் கொல்லப்பட்ட 23 பேரில் பெரும்பாலோர் பிழைப்புக்காகப் பயணம் செய்த எளிய மனிதர்கள். அவர்களுக்கும் சுயி உரிமத்தொகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நாவிதர், கொத்தனார், லாரி ஓட்டுநர் என்று தேடித் தேடிக் கொல்வதால் அரசுக்கு ஒரு செங்கல்லும் பெயராது. மஹ்ரங் போன்றவர்களைப் பயங்கரவாதி என்று சொல்ல அரசுக்குக் காரணம் கிடைக்கிறது, அவ்வளவுதான். குற்றத்தைக் குற்றம் என்றே சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுக் கை பற்றி முதல் பதிவில் கேட்டிருந்தீர்கள். ஆப்கானிஸ்தானில் புகலிடம் 1948-லிருந்து உண்டு. இந்தியா மீது பாகிஸ்தான் குற்றம் சாட்டுகிறது, இந்தியா மறுக்கிறது. 2016-ல் செங்கோட்டையிலிருந்து மோடி பலுசிஸ்தான் பெயரைச் சொன்னது அங்கே ஆதாரமாகவே காட்டப்படுகிறது. வெளியிலிருந்து ஆயுதம் வரலாம். காணாமல் போன மகனின் படத்தை ஏந்தி நிற்கிற தாயை எந்த நாடும் அனுப்பி வைக்க முடியாது.

#19 · கரிசல்மண் · 19 ஏப்ரல் 2025

அரசுத் தரப்பு ஒன்றுமே செய்யவில்லை என்பதும் சரியல்ல. 2010-ல் வந்த, மாகாணங்களுக்கான ஏழாவது நிதிப் பகிர்வில் மக்கள்தொகை மட்டுமே அளவுகோலாக இருந்தது மாறியது. 82 சதவீதம் மக்கள்தொகை, மீதி வறுமை, வருவாய், குறைந்த மக்களடர்த்தி. பலுசிஸ்தான் பங்கு 9.09 சதவீதமானது, மக்கள்தொகைப் பங்கைவிட அதிகம். சாகாய் மாவட்டத்தின் ரெகோ திக் செம்பு, தங்கச் சுரங்கத்தில் மாகாணத்துக்கு 25 சதவீதம். 2013-ல் முதல்வரான அப்துல் மாலிக் சர்தார் அல்லாத நடுத்தர வர்க்கத்தவர், 2015-ல் ஐரோப்பா போய் அக்பர் புக்டியின் பேரன் பிரஹம்தாக் புக்டியோடு பேசியும் பார்த்தார்.

#20 · ஏட்டுவழி · 19 ஏப்ரல் 2025

மாலிக் பேசினார், பிரஹம்தாக்கும் தனிநாட்டுக் கோரிக்கையை விட்டுப் பேசத் தயார் என்றார். எதையும் கொடுக்க முதல்வருக்கு அதிகாரம் இல்லை. பதவிக்காலத்தில் பாதிதான் அவருக்கு என்ற கூட்டணி ஒப்பந்தப்படி அதே ஆண்டு பதவியும் போனது. பணம் கூடியது உண்மை. அதை யார் செலவு செய்கிறார்கள், சோதனைச் சாவடியில் யார் நிற்கிறார்கள் என்பது மாறவில்லை. நகரங்களுக்கு வெளியே, பழைய ‘பி’ பகுதியில் உள்ளூர் லெவிஸ் காவல் காத்தது, மக்களுக்கு அவர்களைத் தெரியும். இன்று கேள்வி கேட்கிறவர் வெளி மாகாணத்திலிருந்து வந்த எஃப்.சி. (மத்திய துணை ராணுவம்) வீரர்.

#21 · வடக்குவாசல் · 13 ஆகஸ்ட் 2025

இரண்டு நாள் முன்பு அமெரிக்கா பி.எல்.ஏ.வையும் அதன் தற்கொலைப் படையான மஜீத் படைப்பிரிவையும் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்திருக்கிறது. இதனால் என்ன மாறும்? இறந்தோர் எண்ணிக்கையில் எதை நம்புவது என்றும் சொல்லுங்கள். ராணுவம் ஒன்று சொல்கிறது, பி.எல்.ஏ. பத்து மடங்கு சொல்கிறது.

#22 · ஏட்டுவழி · 14 ஆகஸ்ட் 2025

2019-லேயே அமெரிக்காவின் ஒரு தடைப்பட்டியலில் பி.எல்.ஏ. இருந்தது. புதிய அறிவிப்பில் ஆதரவு கொடுப்பதே குற்றம் என்பதால், வெளிநாட்டில் பணம் திரட்டுவதும் விசாவும் கடினமாகும். மலையில் இருப்பவனுக்குப் பெரிய மாற்றமில்லை.

எண்ணிக்கைக்கு நான் பின்பற்றும் வழி: முதல் நாள் எண்ணை எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவமனைக்கு வந்த உடல்கள், ஊர் ஊராக நடந்த அடக்கம், பெயரோடு வெளியான பட்டியல், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும். ராணுவத்தின் ‘கொல்லப்பட்ட பயங்கரவாதிகள்’ பட்டியலில் பெயர் இல்லையென்றால், காணாமல் போனோர் குடும்பங்கள் அந்த வாரம் யாரையாவது அடையாளம் காட்டினார்களா என்று பார்க்க வேண்டும். இயக்கம் தன் ஆட்களின் இழப்பைப் படத்தோடு வெளியிடும், எதிரியின் இழப்பை ஊதிச் சொல்லும். முதலாவதை நம்பலாம், இரண்டாவதை நம்பக் கூடாது. இந்த மாதம் இதுவும் நடக்காது. ஆகஸ்ட் 6 முதல் மாகாணம் முழுவதும் கைபேசி இணையத்தை நிறுத்தியிருக்கிறார்கள், 31 வரை என்று அறிவிப்பு. அதுவரை வருகிற எந்த எண்ணையும் இங்கே ஒட்ட வேண்டாம்.